பதினைந்து நிமிடத்துக்கு ஒரு சோதனை

கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவது ஓசூர்க்காரர்களுக்குப் புதிய செய்தி அல்ல. பெங்களூரில் நல்ல மழை பெய்து மதகு திறந்தால் தொலைக்காட்சிக் கேமராக்கள் வந்துவிடும். நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரின் கிழக்கு ஓரமாக இறங்கி, பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளிலிருந்து வழியும் நீரையும் சேர்த்துக்கொண்டு, கொடியாளம் பக்கம் தமிழகத்துக்குள் நுழைகிறது. அதற்குக் கீழேதான் அணை.

நுரை வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் பாட்டிலில் மாதிரி எடுக்கிறார். அந்தப் பாட்டில் ஆய்வகத்துக்குப் போகிறது. நீரில் எவ்வளவு கரிமக் கழிவு இருக்கிறது என்று சொல்லும் பி.ஓ.டி. சோதனைக்கு, இந்தியத் தர நிர்ணய முறைப்படி, மாதிரியை 27 டிகிரி வெப்பத்தில் மூன்று நாள் வைத்திருக்க வேண்டும். முடிவு வரும்போது அந்தத் தண்ணீர் வயலில் பாய்ந்திருக்கும், அல்லது கிருஷ்ணகிரி அணையை நோக்கிப் பாதி தூரம் போயிருக்கும்.

இந்தக் கால இடைவெளியை அடைக்க வந்ததுதான் தானாகவே நீரைச் சோதிக்கும் கருவி. 2014 பிப்ரவரி 5 அன்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாநில வாரியங்களுக்கு ஓர் உத்தரவு அனுப்பியது. அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்களும், பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களும் வெளியேற்றும் நீரை இடைவிடாமல் அளக்கும் கருவி பொருத்த வேண்டும், அளவுகள் நேராக வாரியத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்றது அது. மருந்துத் தயாரிப்பு, சர்க்கரை, காகிதம், தோல் பதனிடுதல் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. தமிழ்நாட்டில் இந்த அளவுகளைக் கவனிக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சென்னையில் ஒரு கண்காணிப்பு மையம் நடத்துகிறது. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு சராசரி என்றால் நாளைக்கு 96 எண்கள்.

அந்த 96 எதற்கு? ஓர் ஆலை மாதத்தில் ஒரே ஓர் இரவு, இரண்டு மணி நேரம் மட்டும், சுத்திகரிக்காத நீரைத் திறந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 720 மணி நேரம். மாதம் ஒருமுறை எடுக்கும் பாட்டில் சரியாக அந்த நேரத்தில் நிரம்புவதற்கு 360-இல் ஒரு வாய்ப்பு. மாதிரி எடுப்பவர் பகலில்தான் வருவார் என்றால் அதுவும் கிடையாது. கருவி இருந்தால் அந்த இரண்டு மணி நேரத்தில் எட்டுப் புள்ளிகள் விழும். தவறைப் பிடிப்பது ஒரு பயன். பெரும்பாலான நாட்களில் கிடைக்கும் பயன் வேறு: காற்றூட்டும் புளோயர் நின்றுபோனதையோ, அமிலத் தொட்டி வால்வு கசிவதையோ, கெட்ட நீர் வாசலைத் தாண்டுமுன் ஆலையின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலைய (ஈ.டி.பி.) ஆபரேட்டர் தெரிந்துகொள்ளலாம்.

கருவிக்குள் என்ன நடக்கிறது? பி.எச்., அதாவது அமில-காரத் தன்மையை அளக்கும் ப்ரோபின் (உணரியின்) நுனியில் மெல்லிய கண்ணாடிக் குமிழ் ஒன்று இருக்கும். நீரில் உள்ள ஹைட்ரஜன் அயனிகளுக்கு ஏற்ப அந்தக் கண்ணாடியின் இரு பக்கத்துக்கும் இடையே மின்னழுத்தம் மாறும். 25 டிகிரியில் பி.எச். ஒன்று ஏறினால் அல்லது இறங்கினால் சுமார் 59 மில்லிவோல்ட் வேறுபாடு. கலங்கலை அளக்க ஒளியைப் பாய்ச்சி, துகள்களில் பட்டுப் பக்கவாட்டில் சிதறுவதைப் பிடிக்கிறார்கள்.

நீரிலுள்ள கழிவை வேதிமுறையில் ஆக்சிஜனேற்ற எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்று சொல்லும் சி.ஓ.டி.தான் சுவாரசியமானது. ஆய்வக முறையில் மாதிரியோடு பொட்டாசியம் டைகுரோமேட்டையும் அடர் கந்தக அமிலத்தையும் சேர்த்து 150 டிகிரியில் இரண்டு மணி நேரம் காய்ச்ச வேண்டும். ஆலை வாசலில் இருக்கும் பெரும்பாலான ப்ரோப்கள் எதையும் காய்ச்சுவதில்லை. 254 நானோமீட்டர் அலைநீளப் புற ஊதாக் கதிரை நீருக்குள் அனுப்பி, எவ்வளவு விழுங்கப்படுகிறது என்று பார்க்கின்றன. பென்சீன் வளையம் கொண்ட பல கரிமச் சேர்மங்கள் அந்தக் கதிரை நன்றாக விழுங்கும். அந்த ஆலையின் நீரையே ஆய்வகத்தில் சோதித்து, விழுங்கிய அளவுக்கும் சி.ஓ.டி.க்கும் கணக்கு ஒன்று போட்டுக் கருவிக்குள் ஏற்றிவிடுகிறார்கள். ஆக, திரையில் தெரிவது நேரடியாக அளந்த எண் அல்ல, கணக்குப் போட்டுச் சொன்ன எண். சர்க்கரையும் சாராயமும் இந்தக் கதிருக்கு அநேகமாகத் தெரியாது. குளிர்பானம் தயாரிக்கும் இடத்தில் சர்க்கரைப் பாகு தொட்டியோடு கொட்டிப்போனாலும், இந்த ப்ரோப் பெரிதாக அசையாமல் இருக்கக்கூடும். இதைக் கருவி விற்க வருபவர் தாமாகச் சொல்வது அரிது.

இன்னொன்றும் இந்த ப்ரோபுக்குத் தெரியாது: நுரை. நுரைக்குக் காரணமான டிடர்ஜென்ட் சேர்மங்களைத் தனியாகக் கண்டுபிடிக்க, மெத்திலீன் நீலச் சாயத்தோடு கலந்து குளோரோஃபார்மில் பிரித்தெடுக்கும் ஆய்வகச் சோதனை வேண்டும். ஓசூரின் சிறிய முலாம் பூசும் பட்டறைகளுக்கு முக்கியமான ஆறு இணைதிறன் குரோமியத்தையும் பி.எச்., சி.ஓ.டி. ப்ரோப்கள் காட்டா. ஆற்றில் விடும் கழிவுநீரில் அதற்குச் சட்டம் வைத்த வரம்பு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம்தான். அதை அளக்கும் தானியங்கிக் கருவி தனி. ஒரு வேதிப்பொருளைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து, நீர் எவ்வளவு அடர்த்தியான சிவப்பு ஊதாவாக மாறுகிறது என்று படிக்கும். அந்த வேதிப்பொருள் கெட்டுப்போகும், தீர்ந்துபோகும். அங்கேதான் செலவு தொடங்குகிறது.

கருவியின் விலை சில இலட்சங்களில் ஆரம்பிக்கிறது. முதலாளிகள் பேரம் பேசுவது இந்த எண்ணைப் பற்றித்தான். ஆனால் பணம் தின்பது அதற்குப் பின்னால் வருவது. கழிவுநீரில் மூழ்கிக் கிடக்கும் எந்தக் கண்ணாடியிலும் பாசியும் எண்ணெய்ப் பிசுக்கும் படியும். படிந்தால் ஒளி குறையும், எண் ஏறும், ஆலையில் ஒன்றுமே நடக்காமல் வாரியத்துக்கு எச்சரிக்கை போகும். அதனால் ஆபரேட்டர் ப்ரோபை வெளியே எடுத்து, நீர்த்த அமிலத்தில் கழுவி, பி.எச். ப்ரோப் என்றால் குமிழைத் தேய்க்காமல் மெல்லிய தாளால் ஒற்றி, பி.எச். 7 பஃபரிலும் (பி.எச். தெரிந்த கரைசல்) பிறகு 4-இலும் முக்கிக் கேலிபிரேஷன் செய்ய வேண்டும். கருவி காட்டும் சரிவு, அதாவது வர வேண்டிய 59 மில்லிவோல்ட்டில் எத்தனை சதவீதம் வருகிறது என்பது, நூறு சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது. 85-க்குப் பக்கம் இறங்கினால் குமிழுக்கு வயதாகிவிட்டது, மாற்ற வேண்டியதுதான். இதோடு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், பஃபர், இணைய இணைப்பு, கணக்கைச் சரிபார்க்க அவ்வப்போது ஆய்வகச் சோதனை. ஆய்வகத்தை ஒழிக்க வந்த கருவி ஆய்வகம் இல்லாமல் நிற்காது.

ப்ரோபை நல்ல தண்ணீர் வாளிக்குள் போட்டுவைத்தால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. போட்டுவைக்கலாம். ஆனால் உண்மையான கழிவுநீரின் வரைகோடு ஷிஃப்ட் மாறும்போதும் கழுவும் நேரத்திலும் ஏறி இறங்கும். நாள் முழுக்க ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் வந்தால், சென்னையில் உட்கார்ந்து பார்ப்பவர் சந்தேகப்பட அதுவே போதும்.

இந்தக் கருவியின் குட்டித் தம்பி ஒன்று வெளிநாட்டு வீடுகளில் இருக்கிறது. கண்ணாடித் தொட்டியில் உயிருள்ள பவளம் வளர்ப்பவர்களுக்காக அமெரிக்காவின் நெப்டியூன் சிஸ்டம்ஸ் 2019-இல் கொண்டுவந்த ட்ரைடென்ட், காரத்தன்மையை நாளைக்கு நான்கு முறையும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் இரண்டு முறையும் தானே சோதிக்கும். அறிமுக விலை சுமார் 600 டாலர். அதை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் தனி விலை, சில மாதத்துக்கு ஒருமுறை வேதிப்பொருளுக்கு மறுபடி பணம். கையால் சொட்டுவிட்டுப் பார்க்கும் கிட் அதில் மிகச் சிறு பங்கு விலைக்குக் கிடைக்கும். ஆனாலும் வாங்குகிறார்கள், காரணம் இருக்கிறது: பவளம் எலும்புக்கூடு கட்டக் காரத்தையும் கால்சியத்தையும் ஓயாமல் உறிஞ்சும். நெருக்கமாக வளர்ந்த தொட்டியில் காரத்தன்மை ஒரே நாளில் அதன் அளவுகோலில் (dKH) ஒரு டிகிரிக்கு மேல் சரியலாம். (நம் ஊரில் ஆசைப்பட வேண்டாம். 2001 முதல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலிருந்து பவளத்தை எடுத்து வந்து வைத்திருந்தால் வழக்கு வரும்.)

மீன்தொட்டியோ தொழிற்சாலையோ, கருவி தேவையா என்பதைத் தீர்மானிப்பது நீர் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதுதான். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறையும் எலும்பு வளைவும் வந்த ஊர்கள் உண்டு. அதற்காகவே ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. பாறையிலிருந்து கரையும் ஃபுளோரைடு மணிக்கணக்கில் ஏறி இறங்காது. அந்தக் கிணற்றுக்குத் தானியங்கிக் கருவி வைப்பது வீண் செலவு. மழைக்கு முன் ஒரு பாட்டில், பின் ஒரு பாட்டில் போதும். குடிநீர்த் தரம் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு நீரே இல்லாத இடத்தில் 1.5 வரை.

தென்பெண்ணை அப்படி இல்லை. மழை, மதகு, ஏரி உபரி, ஆலை வாசல் எனப் பல கைகள் ஒரே நாளில் அதன் குணத்தை மாற்றுகின்றன. ஆகவே எல்லையில் கொடியாளத்திலும், அணை மதகிலும், தொழிற்பேட்டை வாய்க்கால்கள் சேரும் இடங்களிலும் தொடர்ந்து அளக்கும் கருவிகள் வேண்டும் என்பதே என் கட்சி. கரைந்த ஆக்சிஜனும் மின்கடத்துதிறனும் மட்டும் அளந்தாலே, கெட்ட நீர் எந்தப் பக்கத்திலிருந்து எத்தனை மணிக்கு வந்தது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். கர்நாடகமா தமிழகமா என்ற சண்டையில் பாதி அங்கேயே முடியும்.

பட்டறை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: விலைப்பட்டியல் கேட்கும்போது மூன்று வருடத்துக்கான வேதிப்பொருள், ப்ரோப் மாற்றம், பராமரிப்பு எல்லாம் சேர்த்துக் கேளுங்கள். உங்கள் கழிவில் என்ன இருக்கிறதோ அதை அந்தக் கருவி பார்க்குமா என்று எழுதி வாங்குங்கள்.

வாரியத்துக்கும் ஒன்று. 2017 பிப்ரவரி 22 அன்று உச்ச நீதிமன்றம், பர்யாவரன் சுரக்ஷா சமிதி வழக்கில், இந்த நேரடி அளவுகளைப் பொதுமக்கள் பார்க்கும்படி வாரிய இணையதளங்களில் காட்டச் சொன்னது. இணையதளத்தோடு நிற்க வேண்டாம். கெலவரப்பள்ளிக் கால்வாயில் நீர் திறக்கும் நாளில், அன்றைய பி.எச்., கரைந்த ஆக்சிஜன், சி.ஓ.டி. மூன்றையும் மதகடியில் ஒரு பலகையில், ஆயக்கட்டு விவசாயி நின்று படிக்கும்படி தமிழில் எழுதி வையுங்கள்.