ரப்பர்த் தாங்கியின் தொண்டு

மோட்டார் வண்டியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் எஞ்சினைப் பற்றியே பேசுவர். அதன் குதிரைத்திறன் எவ்வளவு, அது மணிக்கு எத்துணை மைல் ஓடும் என்பனவே அவர்தம் வினாக்கள். அவ்வெஞ்சினின் ஆற்றல் வண்டியின் உடலைத் தாக்கிச் சிதைக்காதவாறு இடையே நின்று காக்கும் சிறு ரப்பர்த் துண்டுகளைப் பற்றி எண்ணுவோர் மிகச் சிலர். அவை கிழிந்து ஓசை எழுப்பும்போதுதான் அவற்றின் நினைவு நமக்கு வருகின்றது. அத்தகைய தாங்கிகளின் இயல்பையும், அவை பழுதுற்றால் மாற்றும் முறையையும் ஒரு வண்டியை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு விளக்க முயல்வோம்.

ஜப்பானிய நிஸ்ஸான் கம்பெனியார் 1969-ஆம் ஆண்டில் டாட்ஸன் 240-இஸட் என்னும் ஸ்போர்ட்ஸ் காரை அறிமுகம் செய்து, 1973 வரை அதனை விற்றனர். ஆறு சிலிண்டர்களும் 2393 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உடைய எஞ்சின் அதன் முன்புறத்தில் உளது, ஓட்டப்படுவன பின்சக்கரங்கள். கரடுமுரடான பாதைகளுக்குப் பேர்போன கிழக்கு ஆப்பிரிக்க ஸஃபாரிப் போட்டியில் 1971, 1973 ஆகிய இரு ஆண்டுகளிலும் இவ்வினத்து வண்டியே வென்றது. 1973-இல் அதனை ஓட்டி வென்றவர் உகாண்டாவிற் பிறந்த இந்திய வம்சத்தவரான சேகர் மேத்தா ஆவார். அக்காலத்து வண்டிகள் பலவற்றை ஆர்வலர் இன்றும் பேணி ஓட்டி வருகின்றனர். அவர்களுக்கு நன்கு பழக்கமானதொரு நோய், வண்டியின் பின்புறத்தினின்று எழும் ‘டக்’ என்னும் ஓசை.

அவ்வோசையின் காரணத்தை அறிய, டிபரன்ஷியல் என்னும் உறுப்பை முதற்கண் அறிதல் வேண்டும். கியர்ப்பெட்டியிலிருந்து நீண்ட தண்டு ஒன்று சுழன்றுகொண்டே பின்னோக்கி வருகின்றது. அச்சுழற்சியைச் செங்கோணமாகத் திருப்பி இரு பின்சக்கரங்களுக்கும் பகிர்ந்தளிப்பதும், வளைவுகளில் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தினும் விரைந்து சுழல இடங்கொடுப்பதும் டிபரன்ஷியலின் தொழில். இவ்வண்டியில் அதனுள்ளிருக்கும் பெரிய பல்சக்கரத்தின் விட்டம் 180 மில்லிமீட்டர்.

பழைய அமைப்புடைய வண்டிகளில் டிபரன்ஷியல் கனத்த பின் அச்சின் நடுவிலேயே அடங்கியிருக்கும். வில்தகடுகள் அவ்வச்சைத் தாங்கும். 240-இஸட் வண்டியிலோ ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே மேலும் கீழும் அசையவல்லது. ஆதலின் டிபரன்ஷியற் பெட்டி வண்டியின் உடலோடு பிணைக்கப்பட்டுளது. இரும்பை இரும்போடு நேரே முடுக்கினால், பற்களின் இரைச்சலும் ஒவ்வோர் அதிர்ச்சியும் உள்ளிருப்போரைச் சென்று தாக்கும். இதனைத் தவிர்க்கவே இடையில் ரப்பர் வைக்கப்பட்டது. பெட்டியின் மூக்குப்புறத்தின் கீழ் ரப்பர்த் தாங்கி ஒன்று குறுக்குச்சட்டத்தின்மேல் அமர்ந்திருக்கும். பின்புறத்திற் பெட்டியைத் தாங்கும் எஃகுச் சட்டத்தின் இரு முனைகளிலும் ரப்பர்ப் புஷ்கள் செருகப்பட்டிருக்கும். மீசை போன்ற தோற்றத்தால் அச்சட்டம் மீசைச்சட்டம் எனவே பெயர் பெற்றது.

இத்தாங்கிகள் சுமப்பது எவ்வளவு? எஞ்சினின் உச்ச முறுக்குவிசை ஏறக்குறைய 20 கிலோகிராம்-மீட்டர். முதற் கியரில் அது மும்மடங்குக்கு மேலாகப் பெருகுகின்றது. டிபரன்ஷியலில் மீண்டும் மும்மடங்குக்கு மேலாகின்றது. எனவே சக்கரங்களைச் சேரும் முறுக்கு 200 கிலோகிராம்-மீட்டரையும் எட்டக்கூடும். ஒரு மீட்டர் நீளமுள்ள நெம்புகோலின் நுனியில் 200 கிலோகிராம் எடை தொங்குவதற்கு இது ஒப்பாகும். ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என நியூட்டன் கூறிய விதி இங்கும் தவறுவதில்லை. சக்கரங்கள் முன்னோக்கி முறுக்கப்படுங்கால், பெட்டியின் மூக்கு மேல்நோக்கி எழ முயல்கின்றது. ஓட்டுபவர் ஆக்ஸிலேட்டரை விட்டவுடன் அது கீழே அமர்கின்றது. இவ்வாறு முன்தாங்கியின் ரப்பர் ஓயாது இழுபட்டும் நசுங்கியும் வருந்துகின்றது. அது கிழிந்தால் மூக்கு அளவுக்கு மீறித் துள்ளாதவாறு தடுக்க, மேலே ஒரு வார்ப்பட்டையையும் அமைத்திருந்தனர்.

ரப்பர் நெடுங்காலம் இளமையோடு இருப்பதன்று. காற்றிலுள்ள பிராணவாயுவும் ஓசோனும் அதனை வெடிக்கச் செய்யும்; வெப்பம் இறுகச் செய்யும்; எண்ணெய் ஊறினால் அது உப்பி வலுவிழக்கும். டிபரன்ஷியலின் முன்வாயிலுள்ள எண்ணெய் அடைப்பு கசியுமாயின், அதன்கீழே இருக்கும் தாங்கிக்கு அதுவே எமன். ஆதலின் கசிவை நிறுத்தாமற் புதுத்தாங்கி பூட்டுதல் ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவது போலாம்.

ஓசை கேட்டவுடன் பற்கள் உடைந்தனவென்று கருதி டிபரன்ஷியலையே பிரிப்போர் உளர். இது பெருஞ்செலவுக்கு இடமாகும் அவசரம். சுழல்தண்டின் மூட்டுகள் தேய்ந்திருப்பினும், ஆணிகள் தளர்ந்திருப்பினும் அதனையொத்த ஓசையே எழும். எனவே முதலில் தண்டைக் கையாற் பற்றி இருபுறமும் திருப்பி, மூட்டுகளில் ஆட்டம் உண்டா எனக் காண்க. பின்னர்ப் பெட்டியின் மூக்கின்கீழ் ஒரு நெம்புகோலைக் கொடுத்து மெல்ல உயர்த்துக. ரப்பரும் அதனோடு ஒட்டிய இரும்புத் தகடும் வாய்பிளந்து பிரியுமாயின் நோய் இன்னதென ஐயமின்றித் துணியலாம்.

இனி மாற்றும் முறை. சமதளமான கெட்டித் தரையில் வண்டியை நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை இடுக. பின்புறத்தை ஜாக்கியால் உயர்த்தி, வண்டியுடலின் உறுதியான இடங்களில் இரு தாங்குகால்களை நிறுத்துக. ஜாக்கி ஒன்றையே நம்பி வண்டியின்கீழ்ப் புகுதல் உயிரைப் பணயம் வைப்பதாகும். இதில் விரைவும் சோம்பலும் ஒருங்கே விலக்கத்தக்கன. துருவேறிய நட்டுகளுக்கு முந்தின நாளே ஊடுருவும் எண்ணெய் இட்டுவைத்தால் மறுநாட் பாதி வேலை எளிதாகும்.

டிபரன்ஷியலின் அடியில் மரப்பலகை வைத்து, மற்றொரு ஜாக்கியால் அதன் பாரத்தை ஏந்துக. வார்ப்பட்டையைக் கழற்றிய பின், முன்தாங்கியை மேலே பெட்டியோடும் கீழே குறுக்குச்சட்டத்தோடும் பிணைக்கும் ஆணிகளை நீக்கி, மூக்கைச் சிறிது உயர்த்தினால் தாங்கி வெளிவரும். மீசைச்சட்டத்தையும் அவ்வாறே, இருமுனை நட்டுகளையும் பெட்டியின் பின்மூடியிலுள்ள நட்டுகளையும் கழற்றி இறக்கலாம். பழைய புஷ்களை அழுத்துயந்திரத்தால் வெளித்தள்ளுதல் நன்று. ரப்பரைத் தீயிட்டுக் கொளுத்துவோரும் உண்டு. அப்புகை நஞ்சாதலின் அம்முறை வேண்டா. புதுப்புஷ்ஷைச் செருகுங்கால் அதன் வெளிக்குழலின்மேல் அழுத்த வேண்டுமேயன்றி ரப்பரின்மேல் அழுத்தலாகாது. 1971-இல் இவ்வண்டியின் டிபரன்ஷியல் சற்றுப் பின்னுக்குத் தள்ளப்பட்டு மீசைச்சட்டத்தின் வடிவும் மாறிற்று. எனவே உறுப்புகளை வாங்குமுன் வண்டி எக்காலத்தது என நோக்குக. பூட்டும்போது எல்லா நட்டுகளையும் முதலில் தளர்வாகவே இட்டு, யாவும் தத்தம் இடத்தில் அமர்ந்தபின், தொழிற்கூடக் கையேடு கூறும் அளவுக்கு முறுக்களவு ஸ்பானரால் இறுக்குக. வார்ப்பட்டை நைந்திருந்தால் அதனையும் மாற்றுக. சில நாள் ஓட்டிய பின்னர் ஒருமுறை மீண்டும் சோதித்தல் நலம்.

எஞ்சி நிற்பது ஒரு வினா. ரப்பர் கிழிகின்றதெனின், கிழியாத கடினப் பொருளை வைத்தாலென்ன? பாலியூரித்தேன் என்னும் கடினமான பொருளாலும், முழு உலோகத்தாலும் ஆன தாங்கிகள் இன்று விற்கப்படுகின்றன. பந்தயத்திற்கு அவை பொருந்தும்; மூக்கு அசையாது, ஆற்றல் தாமதமின்றிச் சக்கரத்தைச் சேரும். ஆயின் ரப்பர் விழுங்கிய அதிர்ச்சி அழிந்து போவதில்லை. அது வண்டியின் தரைத்தகட்டையும் ஆணித்துளைகளையும் பற்களையும் சென்று தாக்குகின்றது. பல்சக்கரத்தின் ஓலமும் பிரயாணம் முழுதும் காதை விட்டகலாது. ரப்பர்த் தாங்கி கிழிந்தால் ஒரு மாலைப்பொழுதில் மாற்றலாம். வண்டியின் உடலே வெடித்தால் அதனைச் சீர்செய்தல் எளிதன்று. ஆகவே சாலையில் ஓடும் பழைய வண்டிக்குப் புதிய ரப்பரே தக்கதென்பது எமது துணிபு.

வளைந்து கொடுப்பது வலிமையின்மை என்று நாம் எண்ணுகின்றோம். இவ்வண்டியில் வளைந்து கொடுக்கும் உறுப்பே ஏனைய உறுப்புகளை உடையாமற் காக்கின்றது. அது தேய்ந்தது குற்றமன்று. தன் கடமையைச் செய்ததன் அடையாளம். அதன் ஓசையைக் கேட்டும் கேளாதவர்போல் ஓட்டிச் செல்வதே குற்றம்.