எத்தனை நாள் ஆகும்?

ஓர் அறை கட்ட வேண்டும். கடைக்காலுக்கு 10 நாள், சுவருக்கு 15 நாள், மேல்தளத்துக்கு 20 நாள். இவை நடக்கும்போதே தச்சுப் பட்டறையில் 12 நாளில் கதவு தயாராகிவிடும். வேலை முடிய எத்தனை நாள் ஆகும்?

ஒரு மாணவர் இதற்கு உடனே விடை கூறிவிடுவார். ஒன்றன்பின் ஒன்றாக நடக்க வேண்டிய வேலைகளின் மிக நீண்ட தொடர் 45 நாள். கதவு வேலை அதற்குள் அடங்கும். எனவே விடை 45. கணக்கில் பிழையில்லை.

அனுபவமுள்ள பொறியாளரோ விடை கூறுமுன் கேள்வி கேட்பார். மேல்தளம் போடுவது மழைக்காலத்திலா, கோடையிலா? கம்பியும் சிமெண்டும் வந்துவிட்டனவா? தளம் இறுகும்வரை முட்டுகளை எடுக்காமல் வைத்திருக்கும் நாட்களும் இந்த 20-இல் சேருமா? மாணவருக்கு 20 என்பது கொடுக்கப்பட்ட எண். பொறியாளருக்கு அது ஓர் ஊகம்.

ஊகத்தையும் கணக்கில் சேர்க்க வழியுண்டு. 1958-இல் அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக வகுத்த 'பெர்ட்' முறையில், ஒவ்வொரு வேலைக்கும் மூன்று கால அளவுகள் கேட்கப்படும். மேல்தளத்துக்கு எல்லாம் கூடிவந்தால் 15 நாள், பெரும்பாலும் 20 நாள், தடைகள் நேர்ந்தால் 43 நாள் எனக் கொள்வோம். நடு எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுத்தால் 23 கிடைக்கும். மூன்று நாள் கூடுதலாக ஒதுக்க வேண்டும் என்பது இதனால் தெரிகிறது.

ஆனால் அம்மூன்று எண்களும் எங்கிருந்து வரும்? கனடாவில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த கல்லூரி மாணவர்களிடம், அதை எப்போது முடிப்பீர்கள் என்று கேட்ட ஆய்வொன்று 1994-இல் வெளியாயிற்று. அவர்கள் கூறியது சராசரியாக 34 நாள். எல்லாமே தவறிப்போனாலும் 49 நாள் என்றனர். உண்மையில் ஆனதோ 55 நாளுக்கும் மேல்! கையிலுள்ள திட்டத்தை மட்டும் நோக்கி, இதுபோன்ற பழைய வேலைகள் எடுத்துக்கொண்ட காலத்தை மறப்பதே இத்தகைய தவறுக்குக் காரணம் என்று உளவியலறிஞர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-இலேயே சுட்டிக்காட்டியிருந்தனர்.

தொழில் புரிவோரும் இதற்கு விலக்கல்லர். 1963-இல் முடியும் எனத் திட்டமிடப்பட்ட சிட்னி இசை நாடக அரங்கு 1973-இல்தான் திறக்கப்பட்டது. ஆகவே நல்ல பொறியாளர் தம் நினைவை மட்டும் நம்புவதில்லை. முன்பு முடித்த வேலைகளின் நாட்குறிப்பைப் புரட்டிப் பார்க்கிறார்.

மாணவர்களும் இதைச் செய்யலாம். ஒரு பாடத்தைத் திருப்பிப் படிக்க இரண்டு மணி நேரம் என்று தேர்வு அட்டவணையில் எழுதுமுன், சென்ற பாடத்துக்கு உண்மையில் எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணைக் கொண்டே அட்டவணையைப் போடுங்கள்.