மறைவிடத்து மருக்களும் மனத்து ஐயங்களும்

இவ்விதழைக் குடும்பத்தார் யாவரும் வாசிப்பதால், இப்பொருளை எழுதச் சற்றே தயங்கினோம். சில மாதங்களுக்கு முன் நம் அறைவீட்டிற்கு வந்த இளைஞர் ஒருவர் அத்தயக்கத்தைப் போக்கினார். மணமாகி ஈராண்டே ஆன தம் மனைவியைத் தாய்வீட்டிற்கு அனுப்பிவிட்டாராம். அப்பெண்ணின் மறைவிடத்தில் மருக்கள் தோன்றியிருந்தன. அதுவே அவர் கண்ட சாட்சியம். இருவரது இசைவுடனேயே இதனை எழுதுகிறோம்.

இம்மருக்களைத் தோற்றுவிப்பது பாப்பிலோமா என்னும் வைரசு. அதன் 6, 11 ஆகிய வகைகளே நூற்றுக்குத் தொண்ணூறு பேரில் காரணமாகின்றன. உடலுறவின்போது தோலோடு தோல் உரசுவதால் பெரும்பாலும் தொற்றுகிறது. தொற்றியபின் மரு வெளிப்பட இரண்டு மூன்று மாதங்கள் ஆகலாம்; ஓராண்டைக் கடந்தும் வெளிப்படலாம்; வெளிப்படாமலே போவதும் உண்டு. எனவே யாரிடமிருந்து, எப்பொழுது வந்ததென்று மருத்துவரே அறுதியிட்டுரைக்க இயலாது. கணவர் எங்ஙனம் தீர்ப்பிடுவார்?

இஃது அரிய நோயன்று. டென்மார்க், ஐசுலாந்து, நார்வே, சுவீடன் ஆகிய நான்கு நாடுகளில் ஏறத்தாழ 70,000 பெண்களிடம் வினவியபோது, பத்தில் ஒருவர் தமக்கு வாழ்நாளில் இது வந்ததுண்டு என்றனர். அங்கே கேட்டால் சொல்கிறார்கள். இங்கோ கேட்பாருமில்லை, சொல்வாருமில்லை. மருந்துக்கடையில் கால் ஆணிக்கு விற்கும் அமிலத்தை வாங்கி மென்மையான அவ்விடத்தில் தடவிப் புண்ணாக்கிக்கொள்வோர் உளர். விடுதி அறையில் தங்கி 'இரகசிய நோய்' தீர்ப்போரிடம் பொருளிழப்போரும் உளர். அரசு மருத்துவமனைகளில் தோல், பால்வினை நோய்ப் பிரிவு இருக்க, அதன் பெயர்ப்பலகையைக் கண்டே பலர் திரும்பிவிடுகின்றனர். அப்பலகையைச் சற்று மாற்றி எழுதினாலென்ன என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

மருத்துவர் மருக்களை உறையவைத்தோ, களிம்பு தந்தோ நீக்குவார். மீண்டும் தோன்றினால் மீண்டும் செல்லவேண்டும். இவ்வகை மருக்கள் பொதுவாகப் புற்றுநோயாவதில்லை; கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குப் பெரிதும் காரணம் 16, 18 ஆகிய வகைகள். ஆயினும் பெண்கள் அதற்குரிய பரிசோதனையைத் தவிர்த்தல் ஆகாது. ஆசுத்திரேலியாவில் 2007-இல் சிறுமியருக்கு இந்நான்கு வகைகளுக்கும் எதிரான தடுப்பூசி போடத் தொடங்கினர். 2011-க்குள் அங்குள்ள மருத்துவ நிலையங்களுக்கு வந்த 21 வயதுக்குட்பட்ட பெண்களிடம் இம்மருக்கள் பத்தில் ஒன்பது பங்குக்குமேல் குறைந்துவிட்டன. ஆனால், வந்துவிட்ட மருவை அவ்வூசி குணமாக்காது.

அவ்விளைஞரையும் மருத்துவரிடம் அனுப்பினோம். அவருடலிலும் இரண்டு சிறு மருக்கள் இருந்தன, அவரே அறிந்திலர். மறுவாரம் மாமனார் ஊருக்குப் பேருந்து ஏறினார். திண்ணையில் நெடுநேரம் உட்கார்ந்திருந்த பிறகே உள்ளே அழைத்தார்களாம்.