மண்ணில் இரும்பு, மணியில் இரும்பு

ஜொகூர்ச் செம்மண்ணின் நிறத்திற்குக் காரணம் இரும்பே. ஆயினும், மண்ணில் உள்ளதெல்லாம் மணியில் வந்து சேர்வதில்லை. அவ்விரும்பு பெரும்பாலும் நீரில் கரையாதது. நெல், கம்பு முதலிய புல்லினப் பயிர்கள் வேரில் ஒருவகைப் பொருளைச் சுரந்து, அதனைப் பற்றி உறிஞ்சுகின்றன. உறிஞ்சும் திறனிலும், மணியில் சேர்க்கும் திறனிலும் ஒரே பயிரின் இரகங்கள் தம்முள் வேறுபடும். அவ்வேறுபாடு வழிவழி வருவது.

இதற்குச் சான்று ‘தனசக்தி’க் கம்பு. ஆப்பிரிக்காவின் தோகோ நாட்டு வித்திலிருந்து வந்த இரகத்துள் இரும்பு மிக்கவற்றையே தேர்ந்து, ஐதராபாத்தை அடுத்த இக்ரிசாட் நிலையத்தார் உருவாக்கினர். 2012-இல் மகாராட்டிரத்தில் வெளிவந்தது. அதன் ஒரு கிலோவில் இரும்பு ஏறத்தாழ 71 மில்லிகிராம். தீட்டிய அரிசியிலோ பத்துக்கும் குறைவு.

இரத்தசோகையால் வாடும் தாய்மார்க்கும் சிறார்க்கும் இவ்வேறுபாடு சிறிதன்று. உரம் மட்டும் போதாது; வித்தும் தேர்ந்ததாதல் வேண்டும் என்பதை ஆசிரியர்கள் மாணாக்கர்க்கு உணர்த்துவார்களாக.