தீபாவளிக்கு மட்டும் விழிக்கும் பக்கங்கள்

தீபாவளிக்கு மூன்றே வாரம் இருக்கிறது. ஜவுளிக்கடைக்காரர்கள், பலகாரம் போடுபவர்கள், வீட்டிலிருந்தே புடவை விற்பவர்கள் எனப் பலரும் இந்த வாரம் எழுதியிருக்கிறார்கள். கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான். “பொங்கலுக்கு அப்புறம் இன்ஸ்டாகிராம்ல ஒண்ணும் போடலை. இப்ப புது ஸ்டாக் இறங்கியிருக்கு. போட்டோ போட்டா நாப்பது பேர்கூடப் பாக்கலை. நாலாயிரம் பேர் ஃபாலோ பண்றாங்க சார், எங்க போனாங்க? பக்கத்தை முடக்கிட்டாங்களா?” என்கிறது ஈரோட்டிலிருந்து வந்த கடிதம். இன்னும் சிலர் ‘ஷேடோ பேன்’, அதாவது சொல்லாமலே பக்கத்தை மறைத்துவைப்பது, என்று தீர்ப்பே எழுதிவிட்டார்கள்.

பெரும்பாலும் யாரும் முடக்கியிருக்க மாட்டார்கள். ஒன்பது மாதம் சும்மா இருந்த பக்கத்துக்கு இயல்பாக நடப்பதுதான் இது.

இன்ஸ்டாகிராமில் படங்கள் ஒரு காலத்தில் போட்ட நேர வரிசைப்படியே வந்துகொண்டிருந்தன. 2016 மார்ச்சில் அதை மாற்றப்போவதாக அறிவித்தார்கள். ஒருவர் தன் ஃபீடில் சராசரியாக 70 சதவீதப் பதிவுகளைப் பார்க்காமலே விட்டுவிடுகிறார், எனவே அவருக்குப் பிடிக்கக்கூடியதை முன்னால் வைக்கிறோம் என்பது அப்போது சொன்ன காரணம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் எது பிடிக்கும் என்பதை முடிவு செய்வது யார், எதை வைத்து?

அதற்கான விடையை நிறுவனத்தின் தலைவர் ஆடம் மொசேரி 2021 ஜூனில் ஓரளவு எழுதினார். ஒவ்வொரு பதிவுக்கும் இயந்திரம் முக்கியமாக ஐந்து ஊகங்களைச் செய்கிறது. இவர் இதில் சில நொடி நிற்பாரா, கமென்ட் போடுவாரா, லைக் போடுவாரா, சேமித்து வைப்பாரா, பக்கத்தின் படத்தைத் தொட்டு உள்ளே போவாரா? இந்த ஊகங்களுக்கு அடிப்படையாக அவர் அடுக்கும் தகவல்களில் ஒன்றை மட்டும் பலர் கவனிக்காமல் தாண்டிப் போயிருப்பார்கள். பதிவிட்டவரோடு ‘கடந்த சில வாரங்களில்’ மக்கள் எத்தனை முறை தொடர்புகொண்டார்கள் என்பதுதான் அது. கணக்கு வாரங்களில் ஓடுகிறது. போன தீபாவளிக்கு உங்கள் கடையில் கூட்டம் நெரிந்தது என்பது அதில் வராது.

ஈரோட்டுக் கடையைப் பின்தொடரும் சேலத்துப் பெண் ஒருவர் பஸ்ஸில் உட்கார்ந்து போனைத் திறக்கிறார் என்று வையுங்கள். அக்கா குழந்தையின் பிறந்தநாள் படம், ஒரு டிரெய்லர், வேறொரு புடவைக் கடையின் ரீல், நம் ஈரோட்டுக் கடையின் புதுச் சரக்கு, இன்னும் நூற்றுக்கணக்கான பதிவுகள் வரிசையில் காத்திருக்கின்றன. அந்த வேறொரு கடை வாரம் இருமுறை ஏதாவது போடுகிறது. போன வாரம் அதன் கீழே இவர் “பிபி” என்று எழுதினார். ‘ப்ரைஸ் ப்ளீஸ்’ என்பதன் சுருக்கமான அந்த இரண்டெழுத்து இல்லாத புடவைப் பக்கமே கிடையாது. கடைக்காரரும் பதில் போட்டார். விலை கேட்டதும் சொன்னதும் இயந்திரத்தின் கண்ணுக்கு உறவு. ஈரோட்டுக் கடையோடு இந்தப் பெண்ணுக்கு ஒன்பது மாதமாக ஒரு பேச்சுவார்த்தையும் இல்லை, வேறு எவருக்கும் இல்லை. ஐந்து ஊகத்திலும் அடிமட்ட மதிப்பெண். புடவை பிடித்திருக்கவும் கூடும். ஆனால் அது கண்ணில் படும் இடத்துக்கு வருவதற்குள் பஸ் சேலம் ஐந்து ரோடு சந்திப்புக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

அடுத்து நடப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. நாற்பது பேர் பார்த்த அதே படத்தின் கீழே ஒரு நீலப் பட்டன் இருக்கிறது: பூஸ்ட். காசு கட்டினால் படம் போய்ச் சேரும். யாரிடம்? நீங்கள் விரும்பினால், உங்களைத் தானாகவே பின்தொடர்ந்த, நீங்கள் கட்டைப்பையில் க்யூஆர் கோடு அச்சடித்துச் சேர்த்த அதே நாலாயிரம் பேரிடமும். சொந்த வாடிக்கையாளரைப் பார்க்கத் தெருமுனையில் சுங்கம் கட்டுகிற மாதிரி. இதெல்லாம் காசுக்காகச் செய்வதா என்று தன் ஃபீடைப் பற்றி எழுந்த கேள்விக்கு 2014-இல், இன்ஸ்டாகிராமின் தாய் நிறுவனமான ஃபேஸ்புக் (இன்றைய மெட்டா) ‘இல்லை’ என்றது. ஒருவர் உள்ளே வரும்போது சராசரியாக 1,500 பதிவுகள் காத்திருக்கின்றன, 300 அளவில்தான் காட்ட முடிகிறது என்று விளக்கமும் தந்தது. எழுதியவர் பிரையன் போலண்ட். அப்போது அவர் பார்த்த வேலை, விளம்பரத் தயாரிப்புகளைச் சந்தைப்படுத்துவது.

அந்தச் சுங்கமும் எல்லாக் காலத்திலும் ஒரே விலை இல்லை, ஏலம்தான். மெட்டாவின் ஏலத்தில் அதிகத் தொகை கேட்டவரே ஜெயிப்பார் என்பதில்லை. நீங்கள் கேட்கும் தொகையை, பார்ப்பவர் நீங்கள் விரும்பியதைச் செய்யக்கூடிய வாய்ப்பால் பெருக்கி, விளம்பரத்தின் தரத்தையும் சேர்த்து மதிப்பிடுகிறார்கள். சிறு கடைக்கு இது நல்ல செய்தி. உங்களை ஏற்கெனவே தெரிந்தவரிடம் அந்த வாய்ப்பு அதிகம் என்பதால், குறைந்த காசில் தி.நகர் பெருங்கடையோடு மோதிப் பார்க்கலாம். அப்படித் தெரிந்தவர்களை மட்டும் குறிவைத்து விளம்பரம் செய்யவும் வழியுண்டு. ஆனால் அந்தப் பட்டியலுக்கும் காலாவதித் தேதி இருக்கிறது. உங்கள் இணையதளத்துக்கு வந்துபோனவர்களை 180 நாள்தான் வைத்திருப்பார்கள். ஃபேஸ்புக் பக்கத்தில் லைக், கமென்ட் என்று ஏதாவது செய்தவர்களை ஓராண்டு வரை. பொங்கலோடு கைவிட்டவருக்கு முதல் பட்டியல் காலி, இரண்டாவது வற்றிக்கொண்டிருக்கிறது. மிச்சம் இருப்பது, பெரும்பாலும் உங்களைத் தெரியாதவர்களுக்கான ஏலம். அதிலும் எல்லாக் கடைகளும் ஒன்றாக வந்து நிற்கும் மூன்று வாரம்.

போதாததற்கு, புதிதாகத் தொடங்கும் விளம்பரத்துக்குக் ‘கற்றல் கட்டம்’ என்று ஒன்று உண்டு. யாரிடம் காட்டினால் பலன் என்று இயந்திரம் பழகிக்கொள்ள ஒரு வாரத்தில் சுமார் 50 பலன்கள் வேண்டும் என்பது மெட்டாவின் கணக்கு. பலன் என்றால் நீங்கள் கேட்டது: ஆர்டரோ, வாட்ஸ்அப் விசாரணையோ. நாளுக்கு முந்நூறு ரூபாய் போடுகிற கடைக்கு ஆர்டர் ஐம்பது வருவதற்குள் பட்டாசுக் குப்பையைக் கூட்டிவிடுவார்கள். இயந்திரம் உங்கள் செலவில் பாடம் படிக்கிறது, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு.

ஆக, ‘தொடர்ந்து பதிவிடுங்கள்’ என்று இந்த நிறுவனங்கள் சொல்லும் அறிவுரை பொய்யில்லை, ஆனால் தன்னலம் கலந்தது. இரண்டு விளம்பரங்களுக்கு நடுவே வைக்க அவர்களுக்குச் சரக்கு வேண்டும், அதை நீங்கள் சம்பளமில்லாமல் தருகிறீர்கள். அவர்களுக்காக மாய்ந்து மாய்ந்து எழுத வேண்டாம். அந்த ‘சில வாரங்கள்’ என்ற கணக்கு வற்றாமல் இருக்கும் அளவுக்குப் போட்டால் போதும். என்னைக் கேட்டால் வாரத்துக்கு இரண்டு பதிவு, வருகிற “பிபி” எல்லாவற்றுக்கும் அன்றைக்கே பதில். பதிவைவிடப் பதில் முக்கியம் என்பது என் கட்சி. சரக்கு வந்த அன்று மூட்டை பிரிக்கிற முப்பது நொடி வீடியோ போதும். ‘இனிய ஆடிப்பெருக்கு வாழ்த்துகள்’ என்று கடை லோகோ ஒட்டிய படத்தை யாரும் நின்று பார்ப்பதில்லை.

இயந்திரத்தை விடுங்கள், மனிதர்களும் தேதி பார்க்கிறார்கள். சிவகாசி பெயரைச் சொல்லி மலிவு விலைப் பட்டாசு என்று விளம்பரம் செய்து, முன்பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போகும் போலிப் பக்கங்கள் வருடா வருடம் முளைக்கின்றன. மின்வணிகத் தளங்கள் வழியே பட்டாசு விற்க உச்ச நீதிமன்றம் 2018-லேயே தடை விதித்துவிட்டது, அப்படியும் ஏமாறுகிறார்கள். ஏமாந்தவர் அடுத்த முறை உஷாராகிறார். ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் எந்தத் தேதியில் தொடங்கியது, எத்தனை முறை பெயர் மாறியது என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இன்ஸ்டாகிராமிலும் கணக்கு எப்போது தொடங்கியது என்று காட்டும் வசதி உண்டு. ஆறு வருடமாக மாதாமாதம் ஏதாவது ஒன்று கிடக்கும் பக்கத்தை ஒரே இரவில் போலி செய்ய முடியாது. ஒன்பது மாதம் வெறிச்சோடிப் போய்த் திடீரென்று ‘50 சதவீதத் தள்ளுபடி’ என்று எழும் பக்கம், நேர்மையான கடையாகவே இருந்தாலும், திருடப்பட்ட கணக்கு மாதிரிதான் தோன்றும்.

கூகுள் மேப்பிலும் இதே கதைதான். அங்கே உங்கள் கடையின் நேரத்தையோ தொலைபேசி எண்ணையோ திருத்தச் சொல்லி, ‘நிரந்தரமாக மூடப்பட்டது’ என்றுகூட, வழிப்போக்கர் எவரும் பரிந்துரைக்கலாம். உரிமையாளர் எட்டிப் பார்க்காத பக்கத்தில் அந்தத் திருத்தம் ஏறிவிட்டால் அவருக்குத் தெரியவர நாளாகும். பண்டிகை நாட்களில் கடை எத்தனை மணி வரை என்று போய் இன்றைக்கே மாற்றுங்கள். காசில்லை, ஐந்து நிமிட வேலை.

இன்னொன்று. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளை மத்திய அரசு தடை செய்தபோது, அங்கே மட்டும் ஆள் சேர்த்து வைத்திருந்தவர்கள் எல்லாவற்றையும் இழந்தார்கள். பின்தொடர்வோர் பட்டியல் உங்கள் சொத்து அல்ல. விலை கேட்டு வருகிறவரை வாட்ஸ்அப்புக்குக் கொண்டுவந்து, உங்கள் எண்ணைச் சேமிக்கச் சொல்லுங்கள். பிராட்காஸ்ட் செய்தி, எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் போகும். பலர் இதைத் தெரியாமலே மாதக்கணக்கில் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

மற்ற கேள்விகள்:

ஃபாலோயரை விலைக்கு வாங்கலாமா? வேண்டாம், லைக் போடாத ஐயாயிரம் பேர் உங்கள் மதிப்பெண்ணை இன்னும் இறக்குவார்கள்.

பழைய பக்கத்தை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமா? மேலே சொன்ன தொடங்கிய தேதியை நீங்களே தூக்கி எறிகிறீர்கள்.

ஹேஷ்டேக் முப்பது போடச் சொல்கிறார்களே? ஹேஷ்டேக்கைப் பின்தொடரும் வசதியையே இன்ஸ்டாகிராம் 2024 டிசம்பரில் நீக்கிவிட்டது.

எங்கள் இன்ஸ்டாகிராம் பதிவு கூகுளில் வருமா? பொதுவாகத் திறந்திருக்கும் தொழில்முறைக் கணக்கு என்றால் 2025 ஜூலை 10 முதல் வரலாம்; வேண்டாமென்றால் அமைப்புகளில் நிறுத்திக்கொள்ளலாம்.

இந்தத் தீபாவளிக்கு இனி என்ன செய்வது? இருக்கிற விளம்பரக் காசில் பாதியை வைத்துக்கொண்டு, போன வருட பில் புத்தகத்தில் இருக்கும் எண்களுக்கு ஒவ்வொன்றாகப் போன் போடுங்கள்.