குதிரை முதுகில் நான்கு நாட்கள்
அல்பேர்ட்டாக் கால்நடைப் பண்ணையொன்றில் எம்மவர்

கோடை விடுமுறை வந்துவிட்டால் ரொறன்ரோவில் வாழும் எம்மவர் செல்லும் இடங்கள் நயாகரா நீர்வீழ்ச்சி, ஆயிரம் தீவுகள், அதைவிட்டால் மொன்றியலில் உள்ள உறவினர் வீடு என்பனவே. கடந்த ஜூன் மாத இறுதியில் நாம் இரு குடும்பத்தினரும், எம்முடன் வந்த எழுபத்தெட்டு வயதுப் பெரியவர் ஒருவருமாக ஒன்பது பேர், கல்கரிக்கு விமானம் ஏறினோம். அங்கிருந்து தெற்கே றொக்கி மலையடிவாரத்தில் உள்ள ஒரு கால்நடைப் பண்ணையில் நான்கு நாட்கள் தங்கி, குதிரையேறி மாடு சாய்த்துத் திரும்பினோம். குதிரைக்காக நச்சரித்தவர்கள் பிள்ளைகள். மாடு பார்க்க வேண்டும் என்று வந்தவர் பெரியவர்.

இது கண்காட்சிக்காக அமைக்கப்பட்ட பண்ணை அன்று. தாய்ப்பசுக்களும் கன்றுகளுமாகச் சில நூறு மாடுகள் அங்கு உண்மையாகவே மேய்கின்றன. வேலை நடக்கும், விருந்தினர் அதனோடு இணைந்து கொள்ளலாம். வட அமெரிக்காவில் இவ்வழக்கம் நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டது. டக்கோட்டாவில் மாடு வளர்த்த ஈற்றன் சகோதரர்களிடம் கிழக்கு நகரங்களின் நண்பர்கள் வந்து வாரக்கணக்கில் தங்கிவிட, 1882 இல் அவர்களிடம் பணம் பெறத் தொடங்கியதே இதன் ஆரம்பம் என்பர். விருந்தோம்பலுக்கு விலை குறிப்பது எமக்குக் கூச்சமாகத் தோன்றலாம். ஆயினும் வந்தவர் போகாதிருந்தால் வேறு வழி என்ன? அல்பேர்ட்டாவில், 1912 இல் கல்கரி ஸ்ரம்பீட் விழாவைத் தொடங்கிய கை வீடிக் என்பவரும் பின்னாளில் இத்தகைய விருந்தினர் பண்ணையொன்றை நடத்தினார்.

எமக்கு இடமளித்த பண்ணையாளர் விருந்தினரை ஏற்கத் தொடங்கியது விருப்பத்தினால் அன்று. 2003 மே மாதம் அல்பேர்ட்டாவில் ஒரேயொரு பசுவில் 'பைத்திய மாட்டு நோய்' கண்டறியப்பட்டதும், அமெரிக்கா தன் எல்லையை மூடிற்று. உயிருள்ள இளம் மாடுகளுக்கு அது மீண்டும் திறக்கப்பட்டது 2005 ஜூலையிலேயே. அவ்விரு ஆண்டுகளில் மாட்டின் விலை வீழ்ந்து, வங்கிக்கடன் கழுத்தை நெரித்தபோது, வேலையாட்கள் தங்கும் மரக்குடில்களைத் திருத்தி வாடகைக்கு விட்டதாக அவர் மறைக்காமல் கூறினார்.

முதல்நாள் காலையில் ஒவ்வொருவரும் ஒரு பத்திரத்தில் ஒப்பமிட வேண்டும்: விழுந்தால் பண்ணை பொறுப்பன்று. பின்னர் எடை பார்த்தே குதிரை ஒதுக்கப்படும். எம்முள் ஒருவர் (பெயர் வேண்டாம்) சற்றுப் பெரிய குதிரைக்காகக் காத்திருக்க நேர்ந்தது. இடப்புறமாக ஏறவேண்டும். அங்கவடியில் குதிக்கால் தாழ்ந்திருக்க வேண்டும். கடிவாள வாரை ஒரு கையில் பிடித்து, அது கழுத்தில் படுமாறு சாய்த்தால் குதிரை திரும்பும். மறுகை கயிற்றுக்கும் வேலைக்கும் உரியது. சொல்லும்போது இலகு, இரண்டாம் நாள் மாலையில் எம்மில் எவராலும் படியேற முடியவில்லை என்பதை வாசகர்களுக்கு ஒப்புக்கொள்கிறோம்.

மாட்டைச் சாய்ப்பதில் ஒரு நுட்பம் உண்டு. பசுவின் தோள்தான் எல்லைக்கோடு. குதிரை அத்தோளுக்குப் பின்னால் நெருங்கினால் பசு முன்னே நடக்கும். முன்னால் நெருங்கினால் நின்று திரும்பும். கூச்சலிடக்கூடாது; விரட்டக்கூடாது. பண்ணையாளர் இதனை விளக்கிக் கொண்டிருக்கையில், வேலியோரம் நின்ற பெரியவர் கம்பியைத் தூக்கி நுழைந்து, குதிரையின்றிக் கால்நடையாகவே சென்று, பிரிந்து நின்ற ஒரு பசுவையும் கன்றையும் கூட்டத்தோடு சேர்த்துவிட்டார். பண்ணையாளர் பேச்சை நிறுத்திவிட்டார். அன்றுமுதல் அவர் எம்மிடம் அன்றிப் பெரியவரிடமே கதைத்தார், பேரன் மொழிபெயர்த்தான்.

இம்மலையடிவாரத்தில் மாட்டுப்பண்ணைகள் பெருகியமைக்குப் புல்லும் காற்றுமே காரணம். இங்குள்ள ஃபெஸ்கியூ என்னும் புல் உலர்ந்தபின்னும் சத்திழப்பதில்லை. மலையைக் கடந்து வீசும் சினூக் என்னும் வெப்பக்காற்று பனியை உருக்கி அப்புல்லை வெளிக்காட்டும். ஆயினும் சினூக்கை நம்பியிருந்தோரை 1906–07 குளிர்காலம் ஏமாற்றிற்று. பெருந்தொகையான மாடுகள் பசியாலும் உறைபனியாலும் மடிந்தன. குளிர்காலத்துக்கு உலர்புல் சேமிக்கும் வழக்கம் அதன்பின்னரே உறுதிப்பட்டது.

நிலம் எவ்வாறு கிடைத்தது என்பதையும் சொல்லவேண்டும். காட்டெருமைகள் அழிந்து கொண்டிருந்த வேளையில், 1877 இல், பிளாக்ஃபுட் முதலான பூர்வீகக் குடியினருடன் ஏழாம் ஒப்பந்தம் செய்யப்பட்டது. நான்கு ஆண்டுகளில் கனடிய அரசு ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு ஒரு சதமாக, ஒருவருக்கு ஒரு இலட்சம் ஏக்கர் வரை குத்தகைக்குக் கொடுக்கத் தொடங்கிற்று. ஒரு சதம்! அந்நிலத்திலே குதிரைமேல் நிற்கையில், இடம்பெயர்ந்தோராகிய எமக்கு அக்கணக்கு இனிக்கவில்லை.

இப்பகுதியின் புகழ்பெற்ற மாட்டுக்காரருள் ஒருவர் ஜோன் வெயர். அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்த கறுப்பினத்தவர். 1882 இல் மந்தையொன்றைச் சாய்த்துக்கொண்டு அல்பேர்ட்டாவுக்கு வந்தவர். பின் சொந்தப் பண்ணை அமைத்து, நான்கு ஒன்பதுகளைத் தம் மாட்டுக்குறியாகக் கொண்டார். 1905 இல் குதிரை இடறி அவர்மேல் விழுந்து இறந்தார். 2012 இல் கனடிய அஞ்சற்றுறை அவர் உருவுடன் முத்திரை வெளியிட்டது.

மூன்றாம் நாள் பிந்திப் பிறந்த சில கன்றுகளுக்குக் குறிசுட்டார்கள். உரோமம் கருகும் மணம் எழுந்ததும் பிள்ளைகள் முகத்தை மூடினர். பெரியவர் அசையவில்லை. வேலை முடிந்தபின், குச்சியொன்றை எடுத்துப் புழுதியில் இரண்டு எழுத்துக்களைக் கீறி, “இது என்ரை குறி” என்றார். கிளிநொச்சிக்கு அப்பால் அவருக்கு எழுபது மாடுகள் கொண்ட பட்டி இருந்தது என்பதை எம்மிற் பலர் அன்றுதான் அறிந்தோம்.

அல்பேர்ட்டாவில் மாட்டுக்குறி என்பது பதிவுசெய்யப்பட்ட சொத்து. விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். எனவே பண்ணையாளர் இயல்பாகவே கேட்டார்: “உங்கள் குறி இப்பொழுது யாரிடம் உள்ளது?”

பேரன் மொழிபெயர்த்தான். பெரியவர் உடனே பதில் கூறவில்லை.

“தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆடி மாசம், பட்டிப் படலையைத் திறந்து விட்டிட்டு வெளிக்கிட்டனாங்கள். அதுகள் கொஞ்சத் தூரம் எங்களுக்குப் பின்னாலை வந்ததுகள். பிறகு நிண்டிட்டுதுகள்.”

யுத்தநிறுத்தக் காலத்தில், 2003 இல், அவர் கனடாவிலிருந்து ஊர் பார்க்கச் சென்றார். வழியில் வேறொருவரின் பட்டியிலே ஒரு கிழட்டுப் பசுவைக் கண்டார். அதன் பின்தொடையில் அவருடைய இரண்டெழுத்து. பட்டிக்காரர் அதனைக் காட்டில் பிடித்ததாகவும், ஏழு ஆண்டுகளாக அதன் பாலில்தான் தம் பிள்ளைகள் வளர்ந்ததாகவும் கூறினாராம். குறி யாருடையது என்பதைப் பெரியவர் சொல்லவில்லை. தேநீர் குடித்துவிட்டு வந்துவிட்டார்.

இதைக் கேட்ட பண்ணையாளர் தொப்பியைக் கழற்றினார். வேறு எதுவும் பேசவில்லை.

உணவு பற்றி ஒரு சொல். பண்ணையில் மூன்று வேளையும் மாட்டிறைச்சியே பிரதானம். நாம் முன்கூட்டியே அறிவித்திருந்தமையால், பண்ணையாளரின் மனைவி எமக்கெனத் தனிச்சட்டி ஒதுக்கி, அவரையும் உருளைக்கிழங்கும் சமைத்தார். மூன்றாம் நாள் எம் பெண்கள் அடுப்பைக் கைப்பற்றிப் பருப்புக்கறி வைத்தனர். எம் சிறுமி ஒருத்தி கன்றொன்றுக்குப் பெயர் சூட்டி, அது என்னவாகும் என்று கேட்டாள். இலையுதிர் காலத்தில் விற்கப்பட்டு, கொழுக்கவைக்கும் தொழுவத்துக்கும், பின்னர் வெட்டுக்கூடத்துக்கும் செல்லும் என்று பண்ணையாளர் உள்ளபடி சொன்னார். அவள் அன்றிரவு அழுதாள். பொய் சொல்லியிருக்கலாமே என்று எம்மில் சிலர் குறைப்பட்டனர். நாம் அவ்வாறு கருதவில்லை.

செல்ல விரும்புவோர் ஆறு மாதங்களுக்கு முன்னரே பதிவு செய்க. குதியுள்ள சப்பாத்து, நீளக் காற்சட்டை, தலைக்கவசம் அவசியம். ஜூனிலும் இரவில் குளிரும். செலவு குறைவன்று. லோங்வியூ ஊருக்குத் தெற்கே, 1882 இல் தொடங்கப்பெற்று இன்று தேசிய வரலாற்றுத் தலமாக உள்ள பார் யூ பண்ணையையும் போகும் வழியிற் பார்க்கலாம்.

கடைசி நாள் காலையில் பெரியவருக்கென வயது முதிர்ந்த சாம்பல் நிறக் குதிரையொன்று சேணமிட்டு நின்றது. நாம் தடுத்தோம், மருத்துவரின் அறிவுரையை நினைவூட்டினோம். பண்ணையாளர் கைகொடுக்க அவர் ஏறி அமர்ந்தார். மாடுகள் மேட்டு மேய்ச்சல் நிலத்துக்குச் சென்று கொண்டிருந்தன. மந்தையின் பின்னால், புழுதிக்குள், அரை மணி நேரம் சென்றுவந்தார். வீட்டில் உள்ள துணைவியாரிடம் சொல்லவேண்டாம் என்று எம்மிடம் கேட்டுக் கொண்டார். அம்மா இப்பத்திரிகையை ஒழுங்காக வாசிப்பவர் என்பதை நாமும் அவ்வேளையில் மறந்துவிட்டோம்.