புல்லின் உற்றறிவு: இலைத்துளை பிறக்கும் வரலாறு

தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவு வகையால் ஆறாகப் பகுக்கிறது. அப்பகுப்பில் புல்லும் மரமும் ஓரறிவுயிர் என முதற்படியில் நிற்கின்றன. அந்த ஓரறிவு உற்றறிவு. மெய்யால் தொட்டு அறிவது. புறத்தே வயிரம் உடையது புல், அகத்தே வயிரம் உடையது மரம் என்ற பாகுபாடும் அதே இயலில் உள்ளது. உரையாசிரியர்கள் பனையையும் தென்னையையும் புல்லில் சேர்ப்பர். இன்றைய தாவரவியலோ அவற்றை வேறாக்கி, நெல், சோளம், கம்பு, மக்காச்சோளம், கரும்பு, மூங்கில், அறுகு முதலியவற்றையே புற்குடும்பம் என்கிறது. வகுப்பில் மரபியல் நடத்தும்போது இவ்வளவோடு நிறுத்திவிடுவது என் வழக்கம். தாவரவியல் துறை நண்பர் ஒருவர் ஒருநாள் நுண்ணோக்கியில் சோளத் தாளின் தோலை வைத்துக் காட்டிய பிறகுதான், ‘உற்றறிவு’ என்னும் சொல் எனக்கு வேறு விதமாக ஒலிக்கத் தொடங்கியது.

திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர்ச் சாலையில் செல்வோர் மானாவாரிச் சோளக் கொல்லைகளைக் கண்டிருப்பர். மழை பொய்த்த நாள்களில் உச்சிவேளையில் அச்சோளத் தாள்கள் பாய் சுருட்டினாற்போல் சுருண்டு நிற்கும்; மாலையில் மெல்ல விரியும். கண்ணுக்குத் தெரியும் காப்பு இது. இதற்கு முன்பே கண்ணுக்குத் தெரியாத வேறொரு காப்பு நடந்து முடிந்திருக்கிறது. தாளில் உள்ள எண்ணற்ற நுண்துளைகள் தம் வாயை மூடிக்கொண்டிருக்கும். காற்றிலிருந்து கரிவளியை வாங்குவதும், நீராவியை வெளிவிடுவதும் இத்துளைகளின் வழியேதான். திறந்தால் உணவு கிட்டும், ஆனால் நீர் போகும். மூடினால் நீர் நிற்கும், ஆனால் உணவு நிற்கும். வறண்ட சமவெளியில் ஒரு பயிரின் வாழ்வும் சாவும் இத்திறப்பு மூடலை நம்பியே உள்ளன.

மா, வேம்பு, அவரை போன்றவற்றின் இலைகளில் இத்துளைகள் சிதறிக் கிடக்கும். ஒவ்வொரு துளையின் இருபுறமும் அவரை விதை வடிவில் இரண்டு காப்பு உயிரணுக்கள் நிற்கும். (பாடநூல்கள் ‘செல்’ என எழுதுவதையே ஈண்டு உயிரணு என்கிறேன்.) புல்லின் அமைப்பு வேறு. நரம்பை ஒட்டி, ஏர் ஓட்டிய சால்போல், துளைகள் நேர்வரிசையில் நிற்கும். காப்பு உயிரணுக்கள் உடற்பயிற்சிக்கு உதவும் டம்பெல் வடிவின. இரு முனையும் பருத்து, நடு மெலிந்தவை. அவற்றின் வெளிப்புறத்தே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு துணை உயிரணுக்கள். ஆக ஒரு வாயிலுக்கு நால்வர் காவல். இவ்வமைப்பின் மொத்த நீளமே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரை முப்பது கூறாக்கினால் கிடைக்கும் ஒரு கூறுதான்.

இந்நால்வரும் எங்கிருந்து வந்தனர்? புல்லின் தாள் அடியிலிருந்து வளர்வது. ஆடு நுனியைக் கடித்துப் போனாலும் அறுகு மீண்டும் நீள்வது அதனால்தான். புதிய உயிரணுக்கள் அடியில் பிறந்து, மூத்தவற்றை மேல்நோக்கித் தள்ளுகின்றன. ஆகவே ஓர் இளந்தாளின் அடியிலிருந்து நுனி வரை பார்த்துச் சென்றால், துளையின் பிறப்பு முதல் முதிர்வு வரை எல்லாப் பருவங்களும் வரிசையாக நிற்கும்.

அடியில், குறிப்பிட்ட வரிசையிலுள்ள ஓர் உயிரணு சமமின்றி இரண்டாகப் பிரிகிறது. நுனிப் பக்கம் அமைவது சிறியது, மற்றது பெரியது. சிறியதே காப்பு உயிரணுக்களின் தாய். அது உடனே பிரிந்து துளையாவதில்லை, காத்திருக்கிறது. அதன் இடமும் வலமும் உள்ள வரிசைகள் வேறு வழியில் வந்தவை. அதன் உடன்பிறப்புகள் அல்ல. ஆயினும் தாய் உயிரணு தொடும் இடத்தில் அண்டை உயிரணு மாறத் தொடங்குகிறது. அதன் உட்கரு, தொட்ட பக்கத்துச் சுவரை நோக்கி நகர்ந்து வந்து நிற்கிறது. பின் அதுவும் சமமின்றிப் பிரிந்து, தொட்ட இடத்தில் ஒரு சிறு துணை உயிரணுவைத் தருகிறது. இருபுறமும் துணை வந்தமைந்த பிறகே தாய் உயிரணு நெடுக்குவாட்டில் சமமாகப் பிரிந்து இரு காப்பு உயிரணுக்களாகிறது. பின்னர் நான்கும் நீண்டு, நடுச்சுவர் பிளந்து, வாய் திறக்கிறது.

தொல்காப்பியர் இதை அறிந்தே உற்றறிவு என்றார் எனச் சொல்லிப் பெருமை தேடுவது முறையன்று. நுண்ணோக்கி இல்லாத காலத்தவர் அவர். எனினும் தொடுதலால் அறிந்து மாறும் இந்நிகழ்ச்சிக்கு அதைவிடப் பொருத்தமான தமிழ்ச்சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

நம் நாட்டவர் இத்துறையில் உழைத்ததை மாணவர் அறிதல் வேண்டும். கோவை வேளாண் கல்லூரியைச் சார்ந்த ரங்காச்சாரியார் தென்னிந்தியப் புற்கள் குறித்த கையேட்டை 1921இல் வெளியிட்டார்; புற்களின் உள்ளமைப்புக்கும் அதில் இடம் உண்டு. அலகாபாத்தில் பணியாற்றிய திவ்யதர்ஷன் பந்த் 1965இல் இலைத்துளைகளை அவற்றின் தோற்றமுறையால் வகைப்படுத்தினார். சூழ நிற்கும் உயிரணுக்கள் காப்பு உயிரணுக்களோடு ஒரே தாயிடம் பிறந்தனவா, அயலிலிருந்து வந்தனவா என்பதே அவர் கேட்ட வினா. புல்லின் துணை உயிரணுக்கள் அயலிலிருந்து வந்தவை. எளிய வினாதான், ஆனால் அதற்குப் பின் நடந்த ஆய்வுக்கெல்லாம் அது அடிப்படை.

ஊமை சொன்ன செய்தி

இத்துளையின் அயல்மொழிப் பெயர் ‘ஸ்டோமா’. கிரேக்கத்தில் வாய் என்று பொருள். துளையே உண்டாகாத செடிகளை ஆய்ந்தவர்கள், அவற்றில் பழுதுபட்டிருந்த மரபணுக்களுக்கு வாயில்லாமையைக் குறித்து ‘ஸ்பீச்லெஸ்’, ‘மியூட்’ எனப் பெயரிட்டனர். பேச்சற்றது, ஊமை என்பது பொருள். கடுகினச் சிறுசெடி ஒன்றில் 2007இல் இவை அறியப்பட்டன. அச்செடியில் மியூட் புரதம் பிறந்த உயிரணுவிலேயே தங்கிவிடும். புல்லில் அது தங்குவதில்லை. தாய் உயிரணுவிலிருந்து அண்டை உயிரணுவுக்குச் சென்று, ‘நீ துணையாகு’ என்ற செய்தியைச் சேர்ப்பிக்கிறது. பிராக்கிபோடியம் என்னும் புல்லில், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2017இல் வெளியிட்ட முடிவு இது. ஊமை எனப் பெயர் பெற்றதே தூது செல்வது சுவையான முரண்!

அப்புரதம் இல்லாத பிராக்கிபோடியத்தில் துணையின்றி இருவர் காவலே அமைந்தது. வாய் திறந்தது, ஆனால் தாமதமாக, குறைவாக. மக்காச்சோளத்திலோ அது இல்லாவிடின் நாற்று பிழைப்பதே இல்லை என 2019இல் காட்டினர். ஒட்டன்சத்திரப் பக்கம் மக்காச்சோளம் பயிரிடும் உழவருக்கு இச்செய்தி அயலான ஒன்று அன்று.

துணை இருந்தால் விரைவு ஏன்? காப்பு உயிரணுக்களுள் பொட்டாசியம் சேர்ந்தால் நீர் உட்புகும். பருத்த முனைகள் மேலும் உப்பும். மெலிந்த நடுப்பகுதிகள் விலகி வழி விடும். மூடும்போது அப்பொட்டாசியத்தைத் துணை உயிரணுக்கள் தம்மிடம் வாங்கி வைத்துக்கொள்கின்றன. திறக்கும்போது திருப்பித் தருகின்றன. கடன் வாங்க அடுத்த வீடு இருப்பதால் நெடுந்தொலைவு அலைய வேண்டியதில்லை. அண்டை வீட்டார் கடமை பற்றி ஜும்ஆ உரைகளில் கேட்டு வளர்ந்த நம்மில் பலருக்கு, இறைவனின் படைப்பில் இத்தனை சிறிய இடத்தில் அதைக் காண்பது வியப்பையே தரும். மேகம் கடந்து வெயில் சுள்ளென்று அடிக்கும் நேரத்தில், இவ்விரைவு புல்லுக்கு ஒரு சொட்டு நீரையேனும் மிச்சமாக்குகிறது.

துளைகளின் எண்ணிக்கையையே குறைத்தால் என்ன? ‘இங்கே துளை வேண்டா’ என உணர்த்தும் ஒரு புரதத்தை மிகுவித்து, நம் உழவரும் அறிந்த ஐ.ஆர்.64 நெல்லில் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தார் பிலிப்பைன்ஸ் நெல் ஆராய்ச்சி நிலையத்தாருடன் இதைச் செய்து பார்த்து 2019இல் வெளியிட்டனர். நீர்ச்செலவு குறைந்தது, வறட்சியைக் கூடுதல் நாள் தாங்கியது. ஆயினும் அது வளர்ப்புக் கூடத்து நெல். ஐப்பசி மழையை நம்பி விதைத்த சோளக்கொல்லை அன்று. நீராவி வெளியேறுவதால்தான் இலை குளிர்கிறது என்பதையும் மறத்தல் ஆகாது.

இத்துளைகளைக் காண விரும்பும் மாணவர் சோளத் தாள் ஒன்றின் அடிப்புறத்தில் நிறமற்ற நகப்பூச்சை மெல்லிதாகத் தடவிக் காயவிடுக. காய்ந்த படலத்தை ஒட்டுத்தாளால் உரித்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி நுண்ணோக்கியில் வைத்தால், சால்வரிசையும் நால்வர் காவலும் தெளிவாகத் தெரியும். பிறக்கும் பருவத்தைக் காண வேண்டின், உறைக்குள் மறைந்திருக்கும் இளந்தாளின் அடியை உரித்தெடுக்க வேண்டும். அதற்குப் பழகிய கை தேவை. தாவரவியல் துறை ஆய்வகம் மாடிப்படிக்கு எதிரே உள்ளது.